கல் எடுத்த இடத்து மணல்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மண் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளராக நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். துறையில் நான் ஒருத்திதான் பெண். பெண்களுக்கான கழிப்பறை பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அதன் சாவி நூலகத்தில் இருந்தது. நூலகர் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவார். இந்த வசதிகளோடு நான் நிலநடுக்கத்தை ஆராயப் புறப்பட்டேன்.

நிலநடுக்கத்தை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் பேராசிரியர் வடக்கே ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு ஒரு தோல்பையோடு திரும்பி வந்தார். “இனிமேல் எல்லாம் லிக்விஃபேக்ஷன்தான்” என்றார். தீபாவளிக்கு எந்தக் கரை போட்ட சேலை ஓடும் என்று ஜவுளிக்கடை முதலாளி சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒரு வருடமாகத் தலைப்பு இல்லாமல் நான் இருந்தேன். தலைப்பு என் தலையில் இறங்கியது.

அது என்ன தலைப்பு என்று இத்தனை வருடத்தில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஆற்றங்கரை மணலில் மாவு போன்ற வண்டல் கலந்திருக்கும். அது தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது, மேலே இருக்கும் பாரத்தை மணல் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தாங்குகின்றன. பூமி குலுங்கினால் துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். நடுவில் இருக்கும் தண்ணீருக்குச் சட்டென்று வெளியேற வழி இருக்காது. பாரம் முழுக்கத் தண்ணீரின் மேல் ஏறிவிடும். அந்தக் கணம் மணல் கூழாகிவிடும், மேலே நிற்கும் வீடு உள்ளே போகும். இவ்வளவும் தெரிந்த விஷயம். எனக்கு வந்த கேள்வி வேறு. ஒரு காலத்தில் பெரிய பாரத்தைத் தாங்கிக் கிடந்து, பிறகு அந்தப் பாரம் எடுக்கப்பட்ட மணல், அப்படி எதையும் தாங்காத மணலைவிட அதிக நேரம் குலுக்கலைத் தாக்குப்பிடிக்குமா?

எங்கள் வீடு ஜலகண்டாபுரத்தில். அப்பா விசைத்தறி வைத்திருந்தார். வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் அலமாரியில் வைத்த காப்பித் தம்ளர் மெல்ல நடந்து விளிம்புக்கு வந்துவிடும். என் தலைப்பைக் கேட்ட அப்பா, “நடுங்கறதப் பத்திப் படிக்கறதுக்கு எதுக்கும்மா சேலத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கே? நம்ம வீட்டுலயே உக்காந்து படிச்சிருக்கலாமே” என்றார். அம்மாவின் கவலை வேறு. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டபோது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் “மணல்ங்க” என்று சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் முகம் மலர்ந்து, எத்தனை லாரி ஓடுகிறது என்று கேட்டார்களாம்.

முதலில் மணலைக் குலுக்க ஒரு இயந்திரம் வேண்டும். கல்லூரி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அலுவலகக் கண்காணிப்பாளர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: “இம்மாவட்டத்தில் கடைசியாக நிலநடுக்கம் ஏற்பட்ட தேதி?” எனக்குத் தெரிந்து யாரும் பயந்து ஓடிய நிலநடுக்கம் எதுவும் இல்லை என்று எழுதினேன். கோப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. “ஏற்பட்ட பின் விண்ணப்பிக்கவும்” என்று இருந்தது.

நேரில் போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகவே பேசினார்.

“ஏம்மா, உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். செங்கல்லு, சிமெண்டு, இப்படி ஏதாவது ஆராய்ச்சி பண்ணு. வராத சமாசாரத்துக்கு மெஷின் வாங்கி வெச்சா நாளைக்கு ஆடிட்டுல யாரு பதில் சொல்றது?”

“வந்தா என்ன பண்றதுங்க சார்?”

“வந்தா ஆடிட்டே வராதே.”

கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவின் தறிகளைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்தான் கடைசியில் கை கொடுத்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தறியில் நூலைக் கொண்டு ஓடும் நாடா எப்படி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்கிறதோ அப்படி ஒரு தண்டு மேலும் கீழுமாக மணலை அழுத்தி இழுக்க வேண்டும், ஒவ்வொரு அடியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். “இது தறியேதான் பாப்பா. நூலு மட்டும் இல்ல” என்றார். ஒரு மோட்டார், கோணல் சக்கரம் ஒன்று, பழைய தறியின் இரும்புத் தண்டு, லாரிப் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த காற்றுத் தொட்டி இவற்றைக்கொண்டு மூன்று வாரத்தில் செய்து முடித்தார். தடித்த கண்ணாடி உருளைக்குள் மணலை நிறுத்தி, சுற்றிலும் தண்ணீரால் அழுத்தி, மேலிருந்து தண்டால் ஆட்ட வேண்டும். ஓடவிட்டால் ‘டக்கு டக்கு’ என்று எங்கள் வீட்டுச் சத்தமே கேட்டது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு பொருள் மட்டும் கிடைக்கவில்லை. உருளைக்குள் நிறுத்தும் ஈர மணலைச் சுற்றி மெல்லிய ரப்பர் உறை போட வேண்டும். அதை மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும். எழுதிப் போட்டு நான்கு மாதம் ஆகியும் வரவில்லை. பேராசிரியரிடம் முறையிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வெளிநாட்டு லேபில் எல்லாம் அவசரத்துக்கு... அந்த... சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டாகப் போட்டால் சரியாக இருக்கும்” என்றார். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு அரசாங்கம் ஊர் ஊராக வாரி வழங்கிக்கொண்டிருந்த உறையைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு அரை நிமிடம் ஆயிற்று.

கல்யாணம் ஆகாத பெண் சுகாதார நிலையத்துக்குப் போய் இருநூறு வேண்டும் என்று கேட்க முடியுமா? மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் காதுவரை சிவந்துபோனார், ஆனாலும் போனார். திரும்பி வரும்போது இரண்டு அட்டைப்பெட்டியும், முகத்தில் ஒரு குழப்பமும் இருந்தன.

“என்னாச்சுண்ணா?”

“நர்ஸம்மா எத்தனை வேணும்னாங்க. இருநூறுன்னேன். எந்திரிச்சு நின்னுட்டாங்க. இப்படி எல்லா ஆம்பளைங்களும் இருந்தா நாடு முன்னேறிடும்னு சொல்லி, இன்னொரு பெட்டி சேர்த்துக் குடுத்தாங்க. என் பேரை எழுதி வாங்கிக்கிட்டாங்க பாப்பா. எதுக்குன்னு தெரியல.”

மறு மாதம் அவர் ஊருக்கு ஒரு சுகாதார ஊழியர் தேடிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம். அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அடுத்தது மணல். பாரம் ஏறி இறங்கிய மணலும், ஏறாத மணலும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் அப்படி ஒரு இடம் இருப்பதாக மாணவன் ஒருவன் சொல்லி, போய்ப் பார்த்தேன். கரும்பும் வாழையுமாக இருந்த ஒரு தோட்டத்தின் கோடியில், ஆற்றை ஒட்டி ஒரு திட்டு. கரையைக் கட்டுவதற்கென்று யாரோ கொண்டுவந்து கொட்டிய கருங்கல் ஆள் உயரத்துக்கு மேல் பல வருடம் அங்கே கிடந்திருக்கிறது. பிறகு கரை வேண்டாம் என்று முடிவாகி, கல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கல் கிடந்த இடம் புல் முளைக்காமல் தனியாகத் தெரிந்தது. ஒரு திட்டம் கைவிடப்பட்டதால் எனக்கு ஆராய்ச்சி கிடைத்தது.

தோட்டத்துக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். நான் தோளில் ஒரு பையும் கையில் ஒரு இரும்புக் குழாயுமாக நின்றிருந்தேன்.

“ஏனுங்க அம்மிணி, என்னத்தத் தேடறீங்க?”

“மணல் வேணுங்க ஐயா.”

“எத்தன லோடுங்க?”

“இந்தக் குழாய்ல ஒண்ணு, அந்தக் குழாய்ல ஒண்ணு.”

என் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் கூடை பிடித்துக்கொண்டு நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். “தங்கம் கிங்கம் இருக்குதுங்களா?” என்றார் குரலைத் தாழ்த்தி.

இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் நம்பினார். அதற்குள் நான் போய்வந்த இடத்தை யாரோ நான்கு பேர் மார்பளவுக்குத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். என் மணலில் பாதி அப்படிப் போயிற்று.

மிச்சமிருந்த இடத்தில் மெல்லிய குழாயைச் செங்குத்தாக அழுத்தி, மணல் கலையாமல் எடுத்தோம். கல் கிடந்த இடத்தில் ஆறு குழாய், கிடக்காத இடத்தில் ஆறு குழாய். வாயை மெழுகால் அடைத்து, வைக்கோல் பொதிந்து, திருச்செங்கோடு வழியாகச் சேலத்துக்குப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். பன்னிரண்டையும் ஆட்டிப் பார்த்தேன். இரண்டு மணலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தாக்குப்பிடித்தன. பாரம் தாங்கியதற்கும் தாங்காததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பேராசிரியருக்கு ரொம்ப மகிழ்ச்சி. “வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதானே! ஒரு வருடம் மிச்சம்” என்று கட்டுரைக்கு முன்னுரை எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் பெயர் முதலில் இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கல் கிடக்காத இடத்து மணல் அவ்வளவு நேரம் நின்றதே தப்பு என்று பட்டது. எங்கே தப்பு என்று மட்டும் பிடிபடவில்லை. இரண்டு மாதம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

அடுத்த முறை மணல் எடுத்துக்கொண்டு திரும்பியபோது பஸ்ஸில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. மெக்கானிக் மடியில் இரண்டு குழாயை வைத்துக்கொண்டிருந்தார். சாலை மழையில் பெயர்ந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாங்கள் அரை அடி எழும்பி உட்கார்ந்தோம். முன்னால் ஒரு அம்மாள் எண்ணெய்ப் பாத்திரத்தை இரு கையாலும் அணைத்துக்கொண்டு ஓட்டுநரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்தாள். மெக்கானிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்ககிரி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

“பாப்பா, நம்ம மெஷின்ல போட்டு ஆட்டறதுக்கு முன்னாடியே இந்த பஸ்ஸு ஆட்டிப்புடுதே. நம்ம மெஷினு இதுக்கிட்ட நிக்குமா?”

எனக்குத் தலையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது. விட்டுவிட்டு மெல்ல மெல்லக் குலுக்கினால் ஈர மணல் கூழாகாது. துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து நன்றாக உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்த மணல் பிறகு பெரிய குலுக்கலையும் தாங்கும். இது என் நோட்டிலேயே நான் எழுதி வைத்திருந்த விஷயம். பாரமே அறியாத அப்பாவி மணலை, ஜேடர்பாளையத்திலிருந்து சேலம் வருவதற்குள் சாலை பழக்கிவிட்டிருந்தது. நான் இதுவரை அளந்தது காவிரி மணலை அல்ல, பஸ் தடத்தை.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைக்கவில்லை. “கட்டுரையில் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டாமே” என்றார்.

மணலை இயந்திரத்துக்குக் கொண்டுவர முடியாது என்றால் இயந்திரம்தான் மணலுக்குப் போக வேண்டும். தோட்டத்துக்காரரிடம் போய் ஒரு அறை கேட்டேன். நிலக்கடலை மூட்டை அடுக்கும் அறை ஒன்று காலியாக இருந்தது. அங்கிருந்து ஆற்றங்கரை கூப்பிடு தூரம்தான். தங்கம் இல்லை என்று தெரிந்த பிறகு அவருக்கு என்மேல் ஒரு பரிதாபம் வந்திருந்தது. “வெச்சுக்குங்க அம்மிணி. கடலக்கி இன்னும் நாளு கெடக்குது” என்றார்.

அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. கூப்பிடு தூரமானாலும் வரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. நான் குழாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை தடுக்கினேன். மெக்கானிக் ஒரு முறை விழுந்தே விட்டார். வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காரரின் மனைவி இறங்கி வந்தார்.

“இங்க குடு சாமி. நீங்க ரண்டு பேரும் படிச்சவீங்க, உங்களுக்கு நடக்கத் தெரியாது.”

“அசையாம வரணுங்க அம்மா. கொஞ்சங்கூட ஆடக் கூடாது.”

“ஆத்துல இருந்து கொடத்துல தண்ணி கொண்டாறோமே, வழியெல்லாம் ஊத்திக்கிட்டா வாரோம்?”

குழாயைச் சும்மாட்டின்மேல் நிறுத்தி, ஒரு கையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு அவர் நடந்து வந்ததை நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே மட்டும் நடை இருந்தது, மேலே அசைவே இல்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் மண் மாதிரியைக் கொண்டுபோகும் முறை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றையும் படித்ததில்லை. ஆய்வேட்டில் ‘மாதிரிகள் தக்க கவனத்துடன் கொண்டுசெல்லப்பட்டன’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி அவர்தான்.

தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் காலையில் சில மணி நேரம்தான் வரும். வந்ததும் ஊரே மோட்டாரைப் போடும், நான் தறியைப் போடுவேன். முதல் நாள் வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். உருளைக்குள் ரப்பர் உறை போட்டு நிற்கும் மணலைப் பார்த்ததும், விவரம் தெரிந்த இரண்டு இளவட்டங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓடியவர்கள் சொல்லி இன்னும் இருபது பேர் வந்தார்கள்.

முதலில் கல் கிடக்காத இடத்து மணல். எத்தனை அடிக்குப் பிறகு விழுகிறது என்று எண்ண வேண்டும். நான் மணலுக்குள் ஏறும் தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் மானியைப் பார்க்க வேண்டியிருந்ததால் தோட்டத்துக்காரர் எண்ணுகிறேன் என்றார். களத்தில் வள்ளத்தால் நெல் அளக்கும்போது எண்ணுவது போலவே ஆரம்பித்தார்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

ஒன்றுக்கு லாபம் என்று சொல்வது அங்கே வழக்கம். மணல் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. பிறகு இடுப்பில் ஒரு சுருக்கம் விழுந்தது. அடுத்த அடியில் மொத்தமும் தொளதொளவென்று குழைந்து சாய்ந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு பெண் “அய்யோ!” என்றாள்.

“இவ்வளவுதானுங்களா? ஒரு மூட்டகூட அளந்து முடிக்கல” என்றார் தோட்டத்துக்காரர் ஏமாற்றத்தோடு.

அடுத்தது கல் எடுத்த இடத்து மணல். அதே அழுத்தம், அதே அடி. லாபத்தில் ஆரம்பித்தார். முதல் மணல் விழுந்த எண்ணிக்கை தாண்டியது. அதைப்போல இரண்டு மடங்கு தாண்டியது. மணல் நின்றது. அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கூட்டம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. மானியின் முள் மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. கடைசியில் அது சாய்ந்தபோது தோட்டத்துக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

எடை போட்டுப் பார்த்தேன். இரண்டு மணலின் அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கல் அந்த மணலை நசுக்கிவிடவில்லை. பாரம் இருந்த காலத்தில் துகள்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாரம் போன பிறகும் அந்தப் பிடி முழுதாகத் தளரவில்லை. நான் மூன்று வருடமாகத் தேடியது அதுதான். எனக்கு அழுகை வந்தது. தோட்டத்துக்காரரின் மனைவி பயந்துபோய், “மணலு உளுந்துட்டா உளுந்துட்டுப் போகுது. ஆத்துல இன்னும் எத்தனையோ கெடக்குது. ஒரு வாய் சோறு உண்டுபோட்டு அப்பறம் ஆட்டு சாமி” என்றார்.

சாப்பிடும்போது தோட்டத்துக்காரர் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். கை கழுவியதும் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, கல்லு கெடந்து எடுத்த எடம் ஆட்டத்தத் தாங்குதுங்கறீங்க. அப்ப நாமளா கல்ல வெச்சு எடுத்தா?”

ஆற்றங்கரையில் அவருடைய எண்ணெய் இன்ஜின் அறை ஒன்று இருந்தது. ஈர வண்டல் மணலில் கட்டியது. இன்ஜின் ஓடி ஓடி அதிர்ந்ததில் மேடை ஒருபக்கமாக இறங்கிவிட்டது. மூன்று முறை நிமிர்த்திக் கட்டியும் மூன்று முறையும் சாய்ந்தது. புது அறை கட்ட வேண்டும் என்று இடம் பார்த்து வைத்திருந்தார். கட்டும் மேஸ்திரி, காங்கிரீட்டை இரண்டு மடங்கு கனமாகப் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தார்.

கல் வைத்து எடுத்தால் உதவலாம் என்றேன். இன்ஜினும் மேடையும் சேர்ந்த எடையைப்போல நான்கைந்து மடங்கு வைக்க வேண்டும், சில மாதம் விட வேண்டும், பிறகு எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சொன்னேன். உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் காதில் வாங்கவில்லை.

மறுவாரம் வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்கியது. நல்ல காலியிடத்தில் கோபுரம் மாதிரிக் கல்லை அடுக்கிவிட்டுச் சும்மா இருப்பவரை ஊர் சும்மா விடுமா? என்ன கோயில் என்று கேட்டார்கள். மேஸ்திரி சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “வைக்கறது எதுக்குங்க? எடுக்கறதுக்கு. எடுக்கறது எதுக்குங்க? சேலத்து டீச்சரம்மா சொன்னாங்க” என்று ராகம் போட்டுச் சொல்வாராம். இரண்டாம் மாதத்தில் யாரோ கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைக்குத் தளம் போட ஆரம்பித்தார்கள். தோட்டத்துக்காரர் எனக்குத் தபால் அட்டை போட்டார்: “கல் திருட்டுப் போகிறது. மணலுக்கு ஏதும் கெடுதி உண்டா?” கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் கெடுதி இல்லை, ஆனால் இன்னும் எடுக்க விட வேண்டாம் என்று பதில் எழுதினேன். அவர் ஒரு வழி செய்தார். ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். திருட்டு அன்றோடு நின்றது. ஆனால் ஆறு மாதம் கழித்துக் கல்லை எடுக்கப் போனபோது, கும்பிட்டுக்கொண்டிருந்த நான்கு குடும்பங்கள் எடுக்கக் கூடாது என்று மறித்தன. பேச்சுவார்த்தை இரண்டு வாரம் நடந்து, மஞ்சள் பூசிய கல்லை மட்டும் வேப்பமரத்தடிக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

இன்ஜின் ஏறியது. ஒரு வருடம் ஓடியது, மேடை அசையவில்லை. அடுத்த வெள்ளத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. தோட்டத்துக்காரர் மேடையின்மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, சிந்தாமல் இருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். உண்மையைச் சொன்னால், கல்லை எடுத்த பிறகு மேஸ்திரி யாருக்கும் சொல்லாமல் திமிசுக்கட்டையால் இரண்டு நாள் இடித்திருக்கிறார். காங்கிரீட்டையும் தடிமனாகவே போட்டிருக்கிறார். எது தாங்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஆய்வேட்டில் அந்த இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தோட்டத்துக்காரருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

வாய்மொழித் தேர்வு எண்பதுகளின் நடுவில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கடலை மூட்டை அறையைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டார். தேர்வு பொதுமக்களுக்கும் திறந்தது என்று விதியில் இருந்ததால், தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் மெக்கானிக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி வரலாற்றில் அந்த விதியைப் பயன்படுத்திய பொதுமக்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். “மாதிரிகள் கலையவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று தேர்வாளர் கேட்டபோது, பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “ஒரு சொட்டு அலுங்கலீங்க. நாந்தானுங்க கொண்டாந்தேன்” என்றது. தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது. பேராசிரியர் இந்த முடிவை வைத்து நான்கு ஊர்களில் பேசினார். வித்தியாசம் இருக்கும் என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார். அப்பா ஒரு தட்டு லட்டோடு கல்லூரி அலுவலகத்துக்கே வந்தார். கண்காணிப்பாளர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கல்லூரிக்குத் தேடிக்கொண்டு வந்தார். கல்யாண மண்டபம் கட்டப் போகிறாராம். ஜேடர்பாளையத்து இன்ஜினைப் பார்த்துவிட்டு, மண்டபத்து இடம் முழுக்கக் கல் அடுக்கி எட்டு மாதம் ஆகிறது, இப்போது எடுக்கலாமா என்று கேட்டார். வந்து பாருங்கள் என்று காரை அனுப்பினார். போனேன். நல்ல அகலமான இடம். கல் அழகாக அடுக்கியிருந்தது. ஓரத்தில் உட்கார்ந்து கீழே என்ன மண் என்று பார்த்தேன். மண்ணே இல்லை. ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே ஒரே பாறை. மலையை அப்படியே தட்டையாக வெட்டிப் போட்ட மாதிரி.

“இது பாறைங்க. இதுமேல என்ன வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க. கல்லே தேவையில்லை.”

அவர் அடுக்கியிருந்த கல்லை ஒரு முறை பார்த்தார். எட்டு மாதம் என்பது அவர் முகத்தில் ஓடியது தெரிந்தது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

“எதுக்கும் இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டுமுங்களா?”

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த இளநீரைக் குடித்தேன்.